முழங்காலில் எடுத்த நீர்

பீளமேட்டில் என் அக்கா ஒரு மெஸ் நடத்தினாள். பக்கத்துக் காலேஜ் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போகிறவர்களும் அங்கேதான் சாப்பிடுவார்கள். அவள் வீட்டுக்காரர் லாரி விபத்தில் இறந்தபோது குழந்தைகளும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னோம். வரவில்லை. ஒரு அடுப்பையும் ஒரு தோசைக்கல்லையும் வைத்துக்கொண்டு மெஸ்ஸை ஆரம்பித்தாள். பிற்பாடு வேலைக்கு ஆட்கள் வைத்துக்கொண்டாலும் தோசைக்கல்லை மட்டும் யாரிடமும் விடமாட்டாள். பரீட்சை நாளில் பையன்கள் அவசரப்பட்டால், 'சித்த இரு கண்ணு, முறுகட்டும்' என்பாள். வருஷக்கணக்காக அந்தக் கல்லின் முன்னால் நின்றாள். அதன் பலனாக வலது முழங்கால் தேய்ந்துபோயிற்று.

நான் மோட்டார் பம்பு தயாரிக்கும் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். முடிந்து வரும் பம்பைத் தண்ணீர்த் தொட்டியில் ஓடவிட்டு, சரியாக இறைக்கிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. என் வீடும் அக்காவின் மெஸ்ஸும் ஒரே தெரு. அதனால் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது எப்போதும் நான்தான்.

முழங்கால் மாற்று ஆபரேஷன் ஒரு சின்ன எலும்பு ஆஸ்பத்திரியில் நடந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. கொஞ்ச நாளில் வாக்கர் இல்லாமல் நடந்தாள். தெருமுனைப் பிள்ளையார் கோயிலைச் சுற்றிவிட்டு வந்து, 'புதுக் காலு தம்பி, பசப்பில்லாம வேலை செய்யுது' என்று சொன்னாள். பிறகு மெல்ல மெல்ல வலி திரும்பி வந்தது. ராத்திரி திரும்பிப் படுத்தால் வலி. காலையில் எழுந்து ஊன்றினால் வலி. இன்னொரு முழங்கால் சாதாரணமாக இருக்க, இது மட்டும் காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றி போலச் சுட்டது. என் மனைவி கை வைத்துப் பார்த்துவிட்டு, 'ஏனுங்க, இது சரியில்லைங்க' என்று என்னிடம் தனியாகச் சொன்னாள்.

ஆபரேஷன் செய்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எல்லாம் பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது என்றார். அக்காவிடம், 'பயிற்சி ஒழுங்காச் செய்யறதில்லை, எடையும் குறைக்கலை, நாள் முழுக்க அடுப்புக்கிட்ட நிக்கறீங்க. பின்ன எப்படி வலிக்காம இருக்கும்?' என்று கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் குறையும். நிறுத்தினால் திரும்பும். மறுபடி போனால் மறுபடி அதே மாத்திரை. இப்படியே ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் போயின. அதற்குள் அவரைப் பார்க்கப் போவதென்றாலே அக்கா குற்றவாளிபோல ஆகிவிடுவாள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, தினமும் என்னென்ன பயிற்சி செய்தாள் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

கடைசியில் அவிநாசி ரோட்டில் இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த பெரிய டாக்டர் நிதானமானவர். முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். அந்த மாத்திரையைப் பற்றிக் கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

'உள்ளே கிருமி இருக்குதான்னு பாக்கணும். மாத்திரை சாப்பிட்டுட்டிருந்தா கிருமி மறைஞ்சுக்கும். அதை நிறுத்திட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. முட்டியில இருந்து நீர் எடுத்து வளர்த்துப் பாக்கலாம்' என்றார்.

அந்த இரண்டு வாரம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மறுபடி போன அன்றைக்குத்தான் இளம் டாக்டரம்மாவைப் பார்த்தோம்.

முப்பது வயதுகூட இருக்காது. கண்ணாடி போட்டிருந்தார். எங்களை ஓரமாக உட்கார வைத்து, அவர்கள் ஒரு ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னார். முதுகெலும்பிலும் மூட்டுகளிலும் உள்ளே கிருமி புகுந்துவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நீரையோ திசுவையோ எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான் பழைய வழி. அதற்கு நாளாகும். பல பேருக்குக் கிருமி இருந்தும் வளராமலே போய்விடும். இப்போது புதிதாக ஒரு டெஸ்ட் வந்திருக்கிறது. எடுக்கிற நீரில் சில சொட்டுப் போதும், அன்றைக்கே பதில் தெரியும். அந்த டெஸ்ட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்க்கிறார்கள்.

'உங்க டாக்டர் எப்படியும் நீர் எடுக்கப் போறாருங்கம்மா. அதுல கொஞ்சம் எங்களுக்குத் தர முடியுங்களா? தனியா ஊசி போட மாட்டோம். வேண்டாம்னாலும் உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது' என்றார்.

'ஒரு சொட்டுத் தண்ணிதானுங்களே, எடுத்துக்குங்க' என்றாள் அக்கா.

'ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேங்கம்மா. புது டெஸ்ட்ல என்ன வந்துதுன்னு உங்களுக்கும் சொல்ல மாட்டோம், உங்க டாக்டருக்கும் சொல்ல மாட்டோம். எனக்குமே தெரியாது. லேப்ல பார்த்துப் பூட்டி வெச்சுருவாங்க. ஆராய்ச்சி முடிஞ்சப்புறம் எல்லாத்தையும் ஒண்ணாத் திறந்து பாப்போம்.'

நான் ஏன் என்று கேட்டேன்.

'அந்த டெஸ்ட் சரியாச் சொல்லுதா தப்பாச் சொல்லுதான்னே எங்களுக்கு இன்னும் தெரியாதுங்களே. தப்பாச் சொல்லி, அதை நம்பி நல்லா இருக்கற மூட்டை அறுத்துட்டா? அதுவுமில்லாம டாக்டருக்கு முன்னாடியே தெரிஞ்சா அவர் மனசு அந்தப் பக்கம் சாஞ்சிரும். அப்புறம் எது உண்மைன்னு கண்டுபிடிக்க முடியாது.'

எனக்கு அது புரிந்தது. கம்பெனியில் புதிதாக ஒரு அழுத்தமானி வந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். பழைய மானிக்குப் பக்கத்தில் மாட்டி ஓடவிட்டு, இரண்டு மாதம் குறித்துக்கொண்டு வருவேன். அதுவரை பம்பை அனுப்புவதும் நிறுத்துவதும் பழைய மானியை வைத்துத்தான். அக்காவுக்கும் புரிந்தது.

'நியாயந்தானுங்க. புது மில்லுல அரிசி வாங்குனா நானும் மொதல்ல எனக்கு மட்டும் வடிச்சுத் தின்னு பாத்துப்போட்டுத்தான் பசங்களுக்குப் போடுவேன்' என்றாள். டாக்டரம்மா சிரித்தார். ஆராய்ச்சி முடிந்த பிறகு உங்களுக்கு என்ன வந்தது என்று தெரிந்துகொள்ள விருப்பமா என்றும் கேட்டார். 'தெரிஞ்சா நல்லதுதானுங்களே' என்று சொல்லிவிட்டு, அக்கா கையெழுத்துப் போட்டாள். அவள் முகத்தில் ஒரு பெருமை கூட இருந்தது. ஆட்டோவில் வரும்போது, 'நாளைக்கு வாரவிங்களுக்காச்சும் சீக்கிரந் தெரியட்டும்' என்று சொன்னாள். அப்போது அவள் அப்படிப்பட்டவள்தான். மாசக் கடைசியில் கையில் காசில்லாத பையனிடம் ஏன் சாப்பிட வரவில்லை என்று கேட்டுக் கூட்டி வருகிறவள்.

எடுத்த நீரில் கிருமி எதுவும் வளரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தும் வளரவில்லை. ரத்தப் பரிசோதனையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் நின்றது. பெரிய டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 'கிருமி இருக்கறதுக்கு ஆதாரம் இல்லைங்கம்மா. ஆபரேஷன் ஆன சில பேருக்குக் காரணமே தெரியாம வலி இருக்கும். சதையைப் பலப்படுத்தலாம், வலிக்கு மாத்திரை தர்றேன்' என்றார். கிருமி இல்லை என்று கேட்டதும் எங்களுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அன்றைக்கு என் மனைவியும் கூட வந்திருந்தாள், ஆஸ்பத்திரி கேன்டீனில் மூவரும் காபி குடித்துவிட்டு வந்தோம்.

அதற்கப்புறம் வந்த மாதங்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த ஆஸ்பத்திரியிலேயே பிசியோதெரபி செய்கிற பையன் முழங்காலை மடக்கி அழுத்துவான். அக்கா மெஷினில் மாட்டிக்கொண்டதுபோலக் கத்துவாள். 'பயப்படாதீங்கம்மா, பயம்தான் வலி' என்பான். வலி மாத்திரை என்று பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒன்றை வாங்கப் போனபோது மெடிக்கல் ஷாப்காரர், 'இது மனசுக்குக் குடுக்கறதும் கூடத்தானுங்க, தூக்கம் வரும்' என்று சொல்லிவிட்டார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அக்கா அந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். 'எனக்குக் கிறுக்குன்னு எழுதிப்போட்டாங்களா தம்பி?' என்று கேட்டாள். நரம்பு வலிக்கும் அதையே கொடுப்பார்கள் என்று நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை.

கோபிசெட்டிபாளையத்தில் சொந்தத்தில் ஒரு ஒறம்பரை வீட்டுக் கல்யாணம். வயலும் வாழையுமாக இருக்கிற அந்த வழியில் கார் போகும்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் அக்கா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பந்தியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் என் மனைவியும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். எதிர்ப் பந்தியில் இருந்த எங்கள் சித்தி, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, 'ஏன் அம்மணி, ரிப்போர்ட்டெல்லாம் நல்லா இருக்குதுன்னு சொன்னாங்களே. அப்புறமென்ன நோவு? ஒண்டியா இருந்தா மனசு இப்படித்தான் எதையாச்சும் புடிச்சுக்கும்' என்றார். அக்கா வெற்றிலைத் தட்டில் இருந்து ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம் யார் வீட்டு விசேஷத்துக்கும் அவள் வரவில்லை.

ஆராய்ச்சிக்காக இளம் டாக்டரம்மா மாதம் ஒருமுறை போன் செய்வார். வலி எப்படி இருக்கிறது, வீக்கம் உண்டா, காய்ச்சல் வந்ததா, தையல் போட்ட இடம் சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்வார். அக்கா அந்தப் போனுக்காகக் காத்திருப்பாள். மெஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

'அந்தப் புள்ள ஒண்ணுதான் நான் சொல்றத நிறுத்தாமக் கேக்குது' என்பாள்.

ஒருதடவை நானே போனை வாங்கிக் கேட்டேன். 'மேடம், வலி கொறையவே இல்லைங்க. கால் சுடுதுங்க. அந்தப் புது டெஸ்ட்ல என்ன வந்துதுன்னு ஒருதடவை பாக்கச் சொல்ல முடியுங்களா?'

'எனக்கும் அதைப் பாக்க அனுமதி இல்லைங்க சார். உங்க டாக்டர்கிட்டத் திரும்ப ஒரு அப்பாயிண்ட்மென்ட் போட்டுத் தர்றேன்' என்றார். போட்டும் கொடுத்தார். போனோம். பெரிய டாக்டர் மறுபடி நீர் எடுக்கப் பார்த்தார். ஊசியில் நீர் வரவில்லை. இன்னும் சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்.

அக்கா தோசைக்கல்லை விட்டுவிட்டாள். கல்லாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலைக்கு வந்த அம்மாவிடம், 'எண்ணெய் கம்மியாப் போடு, திருப்பு, இப்ப எடு' என்று சொல்லிக்கொண்டிருப்பாள். தோசை அவள் ஊற்றியது போல வரவில்லை. பையன்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

ஆடி மாதம் ஒரு காலையில் என் மனைவி ஓடி வந்து கூப்பிட்டாள். ஆபரேஷன் தழும்புக்கு ஓரத்தில் ஒரு கொப்புளம் போல வந்திருந்தது இரண்டு நாளாக. அன்றைக்கு அது உடைந்து சேலையெல்லாம் சீழ். அக்கா கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் தலையைத் தூக்கி, 'இப்ப நம்புவாங்களா தம்பி?' என்று கேட்டாள். அவள் குரலில் பயம் இல்லை. கிட்டத்தட்டச் சந்தோஷமாகவே இருந்தாள். 

முழங்காலைத் திறந்து பார்த்தபோது உள்ளே வைத்திருந்த உலோகத்தின்மேல் கிருமி பாசிபோலப் படிந்து, சுற்றியிருந்த எலும்பை வெகுதூரம் அரித்திருந்தது. வைத்ததையெல்லாம் எடுத்துவிட்டு, மருந்து கலந்த சிமென்ட் கட்டி ஒன்றை அந்த இடத்தில் வைத்து மூடினார்கள். கையில் குழாய் சொருகி வாரக்கணக்காக மருந்து ஏறியது. கிருமி போன பிறகு புது முழங்கால் வைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். கடைசியில் அதைப் பிடித்துக்கொள்ள எலும்பு போதவில்லை. தொடை எலும்பையும் கால் எலும்பையும் கம்பி வைத்து ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அக்காவின் வலது கால் இனி மடங்காது. நீளமும் குறைந்துவிட்டது. அந்தக் காலுக்கு மட்டும் தடித்த அடிவைத்த செருப்பு.

மெஸ்ஸை மூடினோம். கிரைண்டரையும் பாத்திரங்களையும் காரமடையில் புதிதாக ஓட்டல் போடுகிற ஒருவர் வந்து எடுத்துப் போனார். தோசைக்கல்லையும் ஏற்றும்போது அக்கா வாசலுக்கு வரவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டோம்.

மறுவருஷம் ஒரு நாள் இளம் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. ஆராய்ச்சி முடிந்துவிட்டது, முடிவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று சொல்லியிருந்தீர்களே, நேரில் வந்தால் சொல்கிறேன் என்றார். போக வேண்டாம் என்று நான் அக்காவிடம் சொன்னேன். இனி தெரிந்து என்ன ஆகப் போகிறது. 'குடுத்தவ நான். நான் தெரிஞ்சுக்கறேன்' என்று கிளம்பினாள்.

மத்தியான நேரம். ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில் ஒரு சின்ன அறை. அக்காவின் கால் மேஜைக்குக் கீழே மடங்காது என்பதால் நாற்காலியைச் சுவர் ஓரமாகத் திருப்பிப் போட்டு உட்கார வைத்தார் டாக்டரம்மா. காலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

'நான் சுத்தி வளைக்க விரும்பலைங்கம்மா. முதல் நாள் எடுத்தோமே அந்த நீர்லயே, புது டெஸ்ட்ல கிருமி இருக்குதுன்னு வந்திருக்குது.'

வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

'மொத நாளேங்களா?' என்றாள் அக்கா.

'முதல் நாளேதாங்கம்மா. எனக்கே போன வாரம் திறந்தப்பத்தான் தெரியும்.'

நான் எழுந்துவிட்டேன். என் சத்தம் எனக்கே கேட்டது. 'இந்தக் கட்டடத்துல ஒரு ரூம்ல பதிலை வெச்சுட்டு, இன்னொரு ரூம்ல எங்கக்காளை மடக்கி மடக்கிக் கத்த வெச்சிருக்கீங்க. மனசுக்கு மாத்திரை குடுத்திருக்கீங்க. மாசா மாசம் போன் பண்ணி வலிக்குதான்னு கேட்டீங்களே, எதுக்குங்க? டெஸ்ட் சொன்னது சரியான்னு பாக்கத்தானே?'

'ஆமாங்க சார்' என்றார் அவர். பொய் சொல்லவில்லை. 'அதுக்கும்தான்.' பிறகு, 'கிருமி இருக்குதுன்னு இதே டெஸ்ட் சொல்லி, கடைசி வரைக்கும் ஒண்ணுமே இல்லாம நல்லா நடக்கறவங்களும் இருக்காங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா அவங்க மூட்டையும் திறந்திருப்பாங்க' என்றார்.

அது நியாயம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. எதிரில் இருப்பவர் தப்புச் செய்திருந்தால் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். எங்கள் கம்பெனியில் சந்தேகப்படுகிற பம்பை ஓரமாக வைத்துவிடுவோம். அது பாட்டுக்குக் கிடக்கும். அதற்கு ராத்திரி கிடையாது, கல்யாணப் பந்தி கிடையாது, சித்தி கிடையாது. பதில் தெரியாத வரைக்கும் காத்திருப்பதுதான் சரி என்று இத்தனை வருஷம் என் கைக்குக் கீழே வேலை கற்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். காத்திருப்பது யார் உடம்பில் என்று ஒருதடவைகூட யோசிக்க வேண்டியிருந்ததில்லை.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னாள்.

'ஏனுங்க கண்ணு, இப்ப அந்த டெஸ்ட்ட நம்பறீங்களா?'

'பெரும்பாலும் சரியாச் சொல்லுதுங்கம்மா. உங்களை மாதிரிக் கிருமி வளராமப் போனவங்கதான் அதை நிரூபிச்சீங்க.'

'அப்ப நாளைக்கு என்னையாட்ட ஒருத்தி வந்தா, அன்னைக்கே சொல்லிருவீங்களா?'

'இன்னும் இல்லைங்கம்மா. ஒரு ஆஸ்பத்திரியில பாத்தது மட்டும் பத்தாதுங்க. இன்னும் பெருசா, பல ஊர்ல பாக்கணும். அடுத்த கட்டம் ஆரம்பிக்கப் போறோம்.'

'அதுலயும் பூட்டி வெப்பீங்களா?'

'ஆமாங்கம்மா.'

அக்கா தலையை ஆட்டினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டாக்டரம்மா கைகொடுக்க வந்தார். 'இருக்கட்டுமுங்க' என்று விலகிக்கொண்டு என் தோளைப் பிடித்தாள். வாசல்வரை வந்து, 'என்னை மன்னிச்சுக்குங்கம்மா' என்று அவர் சொன்னபோது அக்கா திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்ததை நான்தான் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை.

சில வாரம் கழித்து ஆஸ்பத்திரியின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்ததற்கு ஒரு விழா வைக்கிறார்கள், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், பங்கேற்ற நோயாளிகளில் ஒருவராக அம்மா வந்து இரண்டு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்றார். ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

'மேடைக்குப் படி இருக்குதுங்களா?' என்று கேட்டாள்.

'இருக்குதுங்கம்மா, சின்னப் படிதான்.'

'அப்ப என்னால ஏற முடியாதுங்க' என்று சொல்லி போனை என்னிடம் நீட்டினாள். அந்தப் பக்கத்தில் இருந்தவர், ஆட்களை விட்டுத் தூக்கி வைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் வைத்துவிட்டேன்.

அதற்கடுத்த மாதம் டாக்டரம்மா தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். வேறு ஊருக்குப் போவதாகவும் பார்த்துவிட்டுப் போக வந்ததாகவும் சொன்னார். என் மனைவி காபி கொடுத்தாள். அக்கா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கெல்லாம் 'ஆமாங்க', 'இல்லைங்க' என்ற இரண்டு பதில்தான். முன்பெல்லாம் போனில் அரைமணி நேரம் பேசுகிறவள். காபியைப் பாதியில் வைத்துவிட்டு அவர் எழுந்து போனார். அவர் போன பிறகு, 'அந்தப் புள்ள மேல எனக்குக் கோவம் இல்ல. பேசத்தான் புடிக்கல' என்றாள் அக்கா.

அவளுக்கு யாரிடமும் பேசப் பிடிக்காமல் போய்விட்டது. முன்னறையில் அவள் கால் எப்போதும் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். போகிற வருகிறவர்கள் தாண்டிப் போக வேண்டும். யாராவது தெரியாமல் இடித்துவிட்டால் அன்றைக்குச் சாப்பிடமாட்டாள். பஸ்ஸில் ஏறினால் கால் வழியில் நீளும். கண்டக்டர் மடக்கச் சொல்வார். அதனால் பஸ்ஸையும் விட்டாள். சமையலில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் என் மனைவியோடு வாக்குவாதம். என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'நானா ஏனுங்க அவிங்க காலை அப்படிப் பண்ணுனேன்?' என்று ஒருநாள் அழுதாள். யார் பண்ணினார்கள் என்று சொல்ல எங்களுக்கு ஒரு பெயர்கூட இல்லை.

போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரருக்கு முதுகு வலி வந்தது. கூடவே பொழுதானால் காய்ச்சல். அதே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதுகெலும்பில் கிருமியாக இருக்கலாம் என்று ஊசியால் திசு எடுக்கப் போகிறார்கள். அடுத்த கட்ட ஆராய்ச்சிக்கு அதில் கொஞ்சம் கேட்டிருக்கிறார்கள். அவர் மனைவி நேராக அக்காவிடம் வந்து நின்றார்.

'நீங்க குடுத்தீங்களேக்கா. குடுக்கலாமுங்களா?'

அக்கா டி.வி.யை அணைத்தாள். 'அன்னைக்கே பதில் சொல்லுவாங்களான்னு கேளு. சொல்லுவேன்னா குடு. சொல்ல மாட்டேன்னா ஒரு பொட்டுக் கூடக் குடுக்காத' என்றாள்.

அந்தம்மா போய்க் கேட்டார். விதிப்படி முடியாது என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. இளம் டாக்டரம்மாவின் இடத்துக்கு வந்திருக்கிற வேறொரு டாக்டர். அக்கா சொன்னதை அந்தம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார், பணிவாகப் பேசினார். 'ஆள் சேராம இந்த ஆராய்ச்சி நடுவுலயே நின்னுட்டா, அந்த டெஸ்ட் யாருக்குமே கிடைக்காதுங்க சார். உங்க அக்கா பட்டதுக்கும் அர்த்தம் இல்லாமப் போயிரும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்க கேப்பாங்க' என்றார்.

அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. என் கைக்குக் கீழே இருப்பவன் யாராவது இப்படிக் காரணம் சொல்லியிருந்தால் நான் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பேன். என்னால் முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முன்னறையிலிருந்து அக்கா யாரென்று கேட்டாள். சொன்னேன். பக்கத்து வீட்டில் விளக்குப் போடவில்லை, எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நாளைக்குத் திசு எடுத்து வளர்க்க வைப்பார்கள், பதில் வர நாளாகும் என்று காலையில் அந்தம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். என் மனைவி அவர்களுக்கும் சேர்த்து ராத்திரிச் சாப்பாட்டைத் தூக்குப் போசியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அதை வாங்கிக்கொண்டு, அக்காவின் காலைத் தாண்டிப் போய், ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுத்தேன்.